கடல் சரியில்லை

கரம்பொன் சந்தியில் நின்று கோசலாவின் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். தாங்கிக்காரப் பிள்ளையின் வீடு என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். திட்ட முகாமையாளர் என்ற பதவிப்பெயர் அவளுடைய நியமனக் கடிதத்தில் மட்டும்தான் இருந்தது. வைகாசி பிறந்தால் உப்பேறிவிடுகிற கிணறுகளை நம்பிக் கிடந்த வீடுகளுக்கு, கூரையில் விழும் மழையைப் பிடித்து வைக்கிற கொங்கிறீற் தாங்கிகளை ஆறு வருசமாகக் கட்டுவித்தவள் அவள். ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலுமாக மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.

வயது நாற்பத்தேழு. மெலிந்த உடம்பு, வேகமான நடை. தகப்பன் ஒரு காலத்தில் இரத்தினபுரியில் புடவைக்கடை வைத்திருந்தவர். கடை எரிந்த பிறகு ஊருக்கு வந்து தோட்டம் செய்தார். கோசலா பன்னிரண்டு வயதில் தீவை விட்டு இடம்பெயர்ந்து இருபத்தைந்தில் திரும்பி வந்தாள். இடைப்பட்ட காலத்தில் முகாம்களில் நிவாரணப் பட்டியல் எழுதினாள். எந்தச் சாமான் எந்தக் குடிலுக்கு என்றைக்குப் போய்ச் சேரவேண்டும், யாரை யாருக்குப் பக்கத்தில் வரிசையில் நிறுத்தக்கூடாது என்பதெல்லாம் அங்கேதான் அவளுக்குப் பழக்கமானது. பின்னாளில் தபால்மூலம் ஒரு டிப்புளோமாவும் செய்தாள். அதில் புதிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லுவாள்.

கணவன் சுதன் மேசன். ஏழு வருசத்துக்கு முன்னம் யாழ்ப்பாணத்தில் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்படிப்பட்டவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, முதுகுக்கு அண்டையாக ஒன்று, குதிக்கால் மெத்தையில் முட்டாமல் கணுக்காலுக்குக் கீழே சுருட்டிய துவாய். மூத்திரம் போகிற சலக்குழாயைக் கழுவ வேண்டும். தோலை ஒவ்வொரு நாளும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் அந்தப் பக்கம் அன்றைக்குப் படுக்கை இல்லை. இதில் ஒரு நாள் பிழை விட்டால் புண் வரும், புண் ஆழமானால் எலும்பு தெரியும், அதற்குப் பிறகு அதிக காலம் இல்லை. ஏழு வருசத்தில் சுதனுக்கு ஒரு புண்கூட வந்ததில்லை. கோசலா வெளியே போகும் பகல் முழுவதும் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற இராசேஸ்வரி வந்து நின்றாள். அறுபது வயது, நல்ல பலசாலி, வாயும் அப்படியே. அவளுக்கான கூலி கோசலாவின் சம்பளத்திலிருந்து போனது. ஆகவே அந்த வேலை போனால் என்ன போகும் என்பதைக் கோசலா ஒருநாளும் காசாக நினைத்துப் பார்த்ததில்லை. சுதனின் முதுகாகத்தான் நினைத்தாள்.

வேலை கொடுத்தது தீவக நீர் நிதியம். ரொறொன்ரோவில் இருக்கும் தீவு ஆட்கள் சேர்ந்து நடத்துவது. ஏழு பேர் கொண்ட சபை, அதற்குச் செயலாளர் மிரோஜன். ஆறு வயதில் கனடாவுக்குப் போன பிள்ளை. தமிழ் நன்றாகக் கதைப்பான், கோசலாவை வாய்நிறைய அக்கா என்பான். மாதத்துக்கு நாலு அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கைகளில்தான் எல்லாம் பிழையாய்ப் போனது.

தீவுகளில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவீட்டுக்கு வராத மைத்துனனைக் கேட்டால், கடல் சரியில்லை என்பான். பெண் பார்க்க வருவதாகச் சொல்லி வராத மாப்பிள்ளை வீட்டாருக்கும், மூன்று நாள் பள்ளிக்கூடம் வராத ரீச்சருக்கும் கடல் சரியில்லைதான். அன்றைக்குக் கடல் எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடந்தது என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் எதிர்த்துக் கேட்பதில்லை. அப்படிச் சொன்னால் ஒரு மனிசர்மீதும் குற்றம் விழாது, அடுத்த கிழமை முகம் பார்த்துக் கதைக்கலாம். அதிலும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இங்கத்தைய கரைச்சல் ஒன்றையும் சொல்லக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள சட்டம். அதுகள் அங்கே குளிரில் மாயுதுகள், இதையும் கேட்டு என்ன செய்யப் போகுதுகள் என்பார்கள்.

கோசலாவும் தீவு ஆள்தான். நெடுந்தீவில் சின்னாச்சி என்ற கிழவியின் வளவில் ஐம்பத்துமூன்றாம் தாங்கிக்குக் கிடங்கு வெட்டியபோது, கிழவியின் இரண்டு ஆண்மக்களும் எல்லைக் கல்வேலியில் ஏறி நின்று மண்வெட்டியோடு சண்டை பிடித்தார்கள். கோசலா நாலு தரம் படகேறிப் போனாள். முதல் மூன்று தரமும் தாங்கியைப் பற்றி ஒரு கதையும் கதைக்கவில்லை. மூத்தவன் வீட்டில் தேத்தண்ணி, இளையவன் வீட்டில் தேத்தண்ணி. நாலாம் தரம்தான் விசயம் வெளியே வந்தது. தாங்கிச் சுவரில் பதிக்கிற பயனாளிப் பலகையில் தம்பியின் பெயர் மட்டும் வரப்போகிறது என்று யாரோ மூத்தவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பெயரையும் போட்டுவிடுகிறேன் என்றாள், சண்டை முடிந்தது. அறிக்கையில் எழுதினாள்: கடல் கொந்தளிப்பினால் பதினொரு நாள் தாமதம்.

நயினாதீவில் நடந்தது இதைவிடப் பெரியது. அங்கே மேசன் அரியநாயகம். ஐம்பத்தைந்து வயது, சுதனோடு பத்து வருசம் ஒரே சாரத்தில் நின்றவர். நாலு வருசத்துக்கு முன்னம் மனைவி செத்து, மூன்று மாதம் விடாமல் குடித்தார். அந்த வெறியில் எண்பத்தெட்டாம் தாங்கிக்கு நல்ல தண்ணீர் எடுக்கப் பஞ்சிப்பட்டு உப்புக்கிணற்றுத் தண்ணீரில் சீமெந்து குழைத்துவிட்டார். அப்படிக் கட்டினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும், சுவர் வெடிக்கும். கோசலா சுவரைத் தட்டிப் பார்த்தாள், ஒரு துண்டை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவரைப் பேசின பேச்சு இறங்குதுறை வரைக்கும் கேட்டது என்பார்கள். அரியநாயகம் தன் கையாலேயே அதை உடைத்து, தன் செலவிலேயே திரும்பக் கட்டினார். அன்றோடு குடியையும் விட்டார். அதற்குப் பிறகு அவர் கட்டிய நாற்பது தாங்கியிலும் ஒரு பொட்டுக் கசிவு இல்லை. அறிக்கையில்: கடல் கொந்தளிப்பினால் பதினேழு நாள் தாமதம்.

போன வருசம் நிதியம் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியை வாங்கியது. கோசலாவுக்கு முதலில் சந்தோசம்தான். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது அவளுக்கு எப்போதும் பல்லுப் பிடுங்குகிற வேலை. இப்போது அவள் தமிழில் போனில் சொன்னாள், அது ஆங்கிலத்தில் எழுதித் தந்தது. கூட்டங்களில் இருந்து கேட்டுக் குறிப்பு எடுத்தது. யார் எதை எப்போது செய்வதாகச் சொன்னார்கள் என்று பட்டியல் போட்டது. மேசன்மாருக்கு வட்ஸ்அப்பில் குரலில் நினைவூட்டியது. வணக்கம் ஐயா, இன்று தாங்கியின் அடித்தளத்துக்கு மூன்றாம் நாள் தண்ணீர் விடவேண்டும் என்று அது மரியாதையாகச் சொல்ல, மேசன்மார் உடனே படம் எடுத்து அனுப்பினார்கள். கோசலா கேட்டால் நாலு நாள் இழுக்கிற ஆட்கள். ஏன் என்று கேட்டதற்கு அரியநாயகம், "அது ஏசாது பிள்ளை, நீர் ஏசுவீர்" என்றார்.

கந்தோர்க் குமாஸ்தாபோலக் கணக்கும் கடிதமும் எழுதுவதால் சுதன் அதற்குக் கிளாக்கர் என்று பெயர் வைத்தான். படுத்திருந்தபடி, "இண்டைக்கு உம்மட கிளாக்கர் என்ன சொல்லுறார்?" என்று கேட்பான். ஒரு நாள் கோசலா அது அடுத்த மாதத்து வேலை அட்டவணையைத் தானே போட்டுவிட்டது என்று சொன்னாள். சுதன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

"அப்ப நீர் என்ன செய்யிறீர்?"

"நான் சரி பாக்கிறன்."

"பிழை இருந்ததோ?"

"இல்லை."



மிரோஜன் கேட்டதன்படி ஆறு வருசத்து அறிக்கைகளையும் செயலிக்குக் கொடுத்தவள் கோசலாதான். ஒரு கிழமை மினக்கெட்டு ஒவ்வொரு கோப்பாக ஏற்றினாள். ஆவணி மாதம் சபைக்கூட்டத்தில் அதன் ஆய்வு வந்தது. திரையில் ஒரு வட்டம், முக்கால் வட்டம் நீலம். தாமதங்களில் நூற்றுக்கு எழுபத்தெட்டுக்குக் காரணம் கடல் நிலை. மனிதத் தலையீடு தேவைப்பட்ட சிக்கல்கள் ஆறு வருசத்தில் நான்கு. ஆகவே காற்று, அலை பற்றிய முன்னறிவிப்பை அட்டவணையோடு இணைத்துவிட்டால் பெரும்பாலான தாமதம் தானாகத் தீரும். இரண்டாம் கட்டத்துக்குத் தனியாக ஒரு திட்ட முகாமையாளர் தேவையில்லை, களத்தில் போனோடு ஒரு உதவியாளர் போதும். வேலணையில் ஏற்கனவே லோஜனா என்ற இருபத்துநாலு வயதுப் பெட்டை உதவியாளராக இருந்தாள்.

கோசலா தன்னுடைய திரையில் அந்த நீல வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போன படகு, குடித்த தேத்தண்ணி, பேசின பேச்சு, மறைத்த மானம் எல்லாம் அந்த நீலத்துக்குள் கிடந்தன. பொய் சொன்னது மிசின் அல்ல. அவள் எழுதியதை அது அப்படியே நம்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்த பிறகு மிரோஜன் தனியாக எடுத்தான். "அக்கா, கோவிக்காதேங்கோ. எனக்குத் தெரியும் நீங்கள் எவ்வளவு ஓடித் திரியிறனீங்கள் எண்டு. ஆனா சபையில காட்ட என்னட்ட ஒண்டும் இல்லை. வாற ஞாயிறு கழிச்சு அடுத்த ஞாயிறு வாக்கெடுப்பு. அதுக்கிடையில, மனிசர் இல்லாட்டி நடந்திராது எண்ட விசயங்களை எழுதித் தாங்கோ. நான் உங்களுக்காகக் கதைப்பன்." அவன் அதை மனத்தோடுதான் சொன்னான். அதில் சந்தேகம் இல்லை.

பதின்மூன்று நாள் இருந்தது. முதல் ஐந்து நாளும் கோசலா ஒன்றும் எழுதவில்லை. வேறு வேலை தேடினாள். யாழ்ப்பாணத்தில் இரண்டு நிறுவனங்களில் விசாரித்தாள். ஒன்றில் வயதைக் கேட்டார்கள். மற்றதில், நாங்களும் இப்போது அந்த மாதிரிச் செயலிதான் பாவிக்கிறோம் அக்கா, அதை நடத்தத் தெரிந்த பிள்ளைகளைத்தான் எடுக்கிறோம் என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வந்தாள். அன்றைக்குப் பின்னேரம் சுதனின் வால் எலும்பருகே தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தாள், சிவப்பு மறையவில்லை. இராசேஸ்வரி அரை மணித்தியாலம் பிந்தித் திருப்பியிருக்கிறாள், அவ்வளவுதான் காரணம். அரை மணித்தியாலம்.

மற்ற நாள் காலை சுதனுக்குப் புட்டு ஊட்டிக்கொண்டே, நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன் என்று சொன்னாள்.

"எழுதும். சின்னாச்சியின்ர பெடியள் மண்வெட்டி தூக்கினதை எழுதும், விதானை கையெழுத்து வைக்காமல் இழுத்தடிச்ச கதையை எழுதும். அரியனைத் தொடாதேயும்."

"அதுதான் பெரிசு. அதை எழுதாட்டி மிச்சமெல்லாம் தேத்தண்ணிக் கதை."

"தொடாதேயும் எண்டு சொல்லுறன். அவன் உடைச்சுக் கட்டினவன்."

"உடைக்கச் சொன்னது ஆர்?"

"நீர்தான். ஆனா உடைச்ச கை அவன்ர."

அவள் சரி என்றாள். அன்று பகல் எழுத இருந்தபோது அவள் அப்படி நினைத்துத்தான் இருந்தாள். இருபத்தேழு சம்பவங்கள் எழுதினாள். எழுத எழுத அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவையும் எங்கே வைத்திருந்தேன் என்று. நயினாதீவுச் சம்பவத்தை, ஒரு மேசன், ஒரு தாங்கி என்று மட்டும் எழுதினாள். எல்லாவற்றையும் செயலிக்குள் ஏற்றினாள். சபைக்கு எதுவும் அதன் வழியாகத்தான் போகவேண்டும்.

ஒரு நிமிசத்தில் பதில் வந்தது. தங்கள் விபரங்கள் மிகவும் பயனுள்ளவை. ஆனால் பெயர், தாங்கி இலக்கம், திகதி ஆகியவை இல்லாத சம்பவங்களை உறுதிப்படுத்த இயலாது. அவை கணக்கில் எடுக்கப்படமாட்டா. இருபத்தேழில் ஒன்பது சம்பவங்களுக்கு இவை தேவை. அந்த ஒன்பதில் முதலாவதாகப் பட்டியலில் நின்றது நயினாதீவு.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவள் அரியநாயகத்துக்குப் போன் எடுத்தாள். கேட்டுவிட்டு எழுதலாம் என்றுதான் எடுத்தாள். அவர் குரலைக் கேட்டதுமே, "என்ன பிள்ளை, இரண்டாங் கட்டம் சரி வந்திட்டுதோ? மருமோனையும் கையாளாச் சேக்கலாம் எண்டு இருக்கிறன்" என்றார். சாரம் கட்டப் புதுத் தடி வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். சுதன் எப்படி, சாப்பிடுகிறானா என்று கேட்டார். ஓம், சுகமாக இருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டாள். குசினிக்குப் போய்ப் பச்சைத் தண்ணீர் குடித்தாள். பக்கத்து அறையில் இராசேஸ்வரி, பிள்ளை, ஒருக்கா வந்து காலைப் பிடி, தனிய ஏலாது என்று கூப்பிட்டாள். போய்ப் பிடித்தாள். சிவப்பு அப்படியே இருந்தது, ஒரு சதத்துக் காசளவு.

திரும்பி வந்து கதிரையில் இருந்து எழுதினாள்: அரியநாயகம். தாங்கி இலக்கம் எண்பத்தெட்டு. திகதி. உப்புத் தண்ணீர். மது. பிறகு ஒரு வரி சேர்த்தாள்: தற்போது இவர் மது அருந்துவதில்லை, இவர் பின்னர் கட்டிய நாற்பது தாங்கிகளும் குறையற்றவை. அந்த வரியை எழுதியதால் தான் செய்தது கொஞ்சம் குறைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். சுதனுக்குச் சொல்லவில்லை.

ஞாயிறு இரவு கூட்டம். அவளை அழைக்கவில்லை. திங்கள் காலை பத்து மணிக்கு மிரோஜன் எடுத்தான். குரல் தூங்காத குரல். முடிவை எடுத்தது செயலி அல்ல, சபை என்று அவனே முதலில் சொன்னான். ஏழு பேரும் அவள் எழுதிக் கொடுத்ததை வாசித்திருக்கிறார்கள். இரண்டு பேர் அழுதிருக்கிறார்கள். இவ்வளவு வேலை செய்த மனிசி என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு கணக்காய்வாளராக இருக்கும் ஒருவர் எழும்பி, அப்படியென்றால் ஆறு வருசமாகக் காசு தந்தவர்களுக்கு நாங்கள் அனுப்பிய அறிக்கைகள் எல்லாம் பொய்யா என்று கேட்டிருக்கிறார்.

"நான் கதைச்சனான் அக்கா. உண்மையாக் கதைச்சனான். ஆனா அறிக்கையை மாத்தி எழுதின ஆளை வைச்சிருக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம்."

"அப்ப நான் எழுதாமல் விட்டிருந்தால்?"

"எழுதாமல் விட்டிருந்தாலும் பதவி இல்லைதான். ஆனா நல்லபடியா அனுப்பியிருப்பம்."

அந்த மாதக் கடைசியோடு வேலை முடிவு. நற்சான்றுக் கடிதம் தர இயலாது.

புதன்கிழமை லோஜனா சாவிகளும் கோப்புகளும் வாங்க வந்தாள். வெக்கப்பட்டுக்கொண்டே படியில் நின்றாள். கோசலா உள்ளே கூப்பிட்டு இருத்தி எல்லாவற்றையும் ஒழுங்காக ஒப்படைத்தாள். போகும்போது அந்தப் பிள்ளை போனைக் காட்டி, செயலியில் புதிதாகக் கேள்விகள் வந்திருக்கின்றன, ஒவ்வொரு வளவுக்கும் கிடங்கு வெட்ட முன்னம் கேட்கவேண்டுமாம் என்றாள். மொத்தம் முப்பத்தொன்று. காணிக்கு உரிமை கோரக்கூடிய உடன்பிறந்தோர் உள்ளனரா? பயனாளிப் பலகையில் எவரெவர் பெயர் வரவேண்டும்? மேசனின் குடும்பத்தில் அண்மையில் மரணம் நிகழ்ந்ததா? கலவைக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர்? கோசலா கீழே தள்ளித் தள்ளி முப்பத்தொன்றையும் வாசித்தாள். ஒவ்வொன்றும் அவள் எழுதிக் கொடுத்த ஒரு சம்பவத்திலிருந்து வந்தது. ஒன்றைக்கூட அது விடவில்லை. நல்ல கேள்விகள். அவளே இருந்து எழுதியிருந்தாலும் இதைவிடத் திறமாக எழுதியிருக்க மாட்டாள்.

"இதுகளை எப்பிடியக்கா ஆக்களிட்டக் கேக்கிறது?" என்று லோஜனா கேட்டாள்.

"முதல் நாள் கேக்காதையும்" என்றாள் கோசலா. அதற்கு மேலே சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளையின்மீது கோபம் ஒன்றும் இல்லை, சொல்லிக் கொடுக்கிற கதவு உள்ளே சாத்திக்கொண்டுவிட்டது.

மாதம் முடிந்த அன்று இராசேஸ்வரிக்குச் சொன்னாள். இராசேஸ்வரி கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரியும் என்றாள். இரண்டு நாள் சும்மா வந்து நிற்பதாகவும், அதற்குப் பிறகு சாட்டிப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கக் கேட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். "நான் சும்மா வரேலும் பிள்ளை, ஆனா என்ர வயிறு சும்மா இராது." சொன்னபடி இரண்டு நாள் வந்தாள். மூன்றாம் நாள் வரவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை ஒன்பதரை மணியளவில் கோசலா சுதனைத் தனியாகத் திருப்ப முயன்றுகொண்டிருந்தாள். படுக்கை விரிப்பை உருட்டிப் பிடித்து இழுக்கிற முறை ஒன்று உண்டு. ஒராளாகச் செய்யலாம், ஆனால் தோல் விரிப்போடு உரசும். அந்தச் சதத்துக் காசு இப்போது தோலுரிந்து ஈரமாக இருந்தது. படலையில் யாரோ கனைத்த சத்தம் கேட்டு வெளியே வந்தாள். அரியநாயகம் நின்றார். வெள்ளைச் சேட், கையில் போன். முதல் படகில் குறிகட்டுவான் துறைக்கு வந்து பஸ் பிடித்து வந்திருந்தார்.

உள்ளே வந்து கதிரையில் இருந்தார். போனை நீட்டினார். வணக்கம் ஐயா என்று தொடங்கும் அதே மரியாதையான குரல், அவருடைய மேசன் பதிவு இடைநிறுத்தப்பட்டிருப்பதாகச் சொன்னது. காரணம்: தாங்கி இலக்கம் எண்பத்தெட்டு, மறைக்கப்பட்ட கட்டுமானக் குறைபாடு. அறைக்குள் சுதனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். கட்டில் கிறீச்சிட்டது.

"இதை ஆர் எழுதினது?" என்று அரியநாயகம் கேட்டார்.

"நான்தான் அரியண்ணை."

"ஏன்?"

"என்ர வேலையைக் காப்பாத்த."

"காப்பாத்தினீரோ?"

"இல்லை."

அவர் தலையை ஆட்டினார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தாள். பேசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். அவர் தன் இரண்டு கையையும் முழங்காலில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் கட்டத்தில் இல்லையென்றால் வேறு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்றார். நயினாதீவில் கதை பரவிவிட்டது, கோயில் மடத்துச் சுவர் வேலைக்கும் வேறு ஆளைப் பேசிவிட்டார்கள்.

"திருப்பி ஒருக்கா எழுதும் பிள்ளை. இப்ப குடிக்கிறேல்லை எண்டு எழுதும்."

"அதை அப்பவே எழுதினனான்."

"அப்ப இன்னும் வடிவா எழுதும். நீர் எழுதினால் கேப்பினம்."

செயலிக்குள் போக அவளுக்கு இப்போது அனுமதி இல்லை. மிரோஜனுக்கு நேரே செய்தி எழுதினாள். அரியநாயகம் முன்னுக்கு இருக்கவே எழுதினாள். நாற்பது தாங்கிகளின் இலக்கத்தையும் ஞாபகத்திலிருந்து வரிசையாக எழுதினாள், யாரை வேண்டுமானாலும் அனுப்பித் தட்டிப் பார்க்கச் சொன்னாள். அங்கே அப்போது இரவு, ஆனாலும் அவன் முழித்துத்தான் இருந்தான். பத்து நிமிசத்தில் பதில் வந்தது. அவள் முதலில் தனக்குள் வாசித்தாள். பிறகு, இனி எதை மறைத்து என்ன என்று, உரத்து வாசித்தாள்.

"அக்கா, எனக்கு உங்களில மரியாதை இருக்கு. ஆனா ஆறு வருசமா ஒண்டு எழுதினீங்கள், போன மாதம் வேறை எழுதினீங்கள், இண்டைக்கு இன்னொண்டு எழுதுறீங்கள். இதில எதை நான் சபைக்குக் காட்டுறது? அவரைப் பற்றி எங்களிட்ட இருக்கிற ஒரே சாட்சி நீங்கள்தான். உங்களை நம்பினாலும் அவர் விலக வேணும், நம்பாட்டியும் அவர் நல்லவர் எண்டதை நம்பேலாது. மன்னியுங்கோ."

அரியநாயகம் அதைத் திரும்ப ஒரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். அவர் விளங்கிக்கொண்டார்.

அறைக்குள்ளிருந்து சுதன் கூப்பிட்டான். கோசலாவை அல்ல. "அரியன்" என்றான். அவர் எழும்பிப் போனார். கோசலாவும் பின்னால் போனாள். சுதன் பாதி திரும்பியபடி, ஒரு தோள் தலையணைக்குக் கீழே மடங்கிக் கிடந்தான். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அரியநாயகம் சேட்டுக் கையை மடித்துவிட்டார். எப்படி என்று அவளிடம் கேட்டார். அவள் சொன்னாள்: ஒரு கை தோளுக்குக் கீழே, ஒரு கை இடுப்புக்குக் கீழே, இழுக்கக்கூடாது, தூக்கவேண்டும், மூன்று எண்ணும்போது சேர்ந்து. அவர் குனிந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. சுதன் மெத்தையில் முட்டாமல் தூக்கப்பட்டு, இடப்பக்கம் வைக்கப்பட்டான். கோசலா தலையணைகளைச் செருகினாள். புண்ணை உப்புநீரால் துடைத்து, துணி வைத்து ஒட்டினாள். அரியநாயகம் அது எவ்வளவு பெரியது என்று பார்த்தார்.

வெளியே வாளித் தண்ணீரில் கை கழுவினார். கோசலா அடுப்பில் கேத்திலை வைத்திருந்தாள்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அண்ணை."

"வேண்டாம்" என்றார்.

பதினெட்டு வருசத்தில் அந்த வீட்டில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம். படலையை இழுத்துச் சாத்திக் கொளுக்கியையும் போட்டுவிட்டுச் சந்திப் பக்கம் நடந்தார். கோசலா அடுப்பை நிற்பாட்டினாள். மணி பத்தே கால். பன்னிரண்டேகாலுக்குத் திரும்ப அவனைத் திருப்ப வேண்டும்.